வைக்கோல் தேடிய ஜிம்மி

திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அம்சம் குடியிருந்த மனைக்குப் பட்டா கிடைத்த அதே வருஷம், பண்ணையார் நிலத்தில் பாதியை விற்றுவிட்டு மதராஸுக்குக் குடிபோனார். நெற்களத்தில் காவலுக்குக் கட்டிக்கிடந்த ஜிம்மியை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பத்து வயசுக் கிழநாய். மூன்று நாள் பண்ணைவீட்டின் பூட்டிய கதவைப் பார்த்தபடி மழையில் படுத்துக் கிடந்தது. நாலாம் நாள் அம்சம் அதைக் கயிறு போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

அவள் புருஷன் காத்தானுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கூலி உயர்வு கேட்டு அறுப்பை நிறுத்திய வருஷம், பண்ணைக் காரியக்காரர் ஏவிவிட்டு, அவன் கெண்டைக்காலைக் கவ்வியது இந்த ஜிம்மிதான்.

“ஊர்ல வேற நாயே கெடைக்கலியா ஒனக்கு?”

“ஏவுனவங்கள விட்டுட்டு இதுகிட்ட கோவிச்சுக்கிறீங்களே. இதுக்கு என்ன தெரியும்?”

ஐப்பசி ஈரத்துக்காகத் தரையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்திருந்தார்கள். மறுநாள் காலையில் காத்தானின் பாய் ஓரம் ஜிம்மியின் மூத்திரத்தில் நனைந்திருந்தது. அவன் பாயைச் சுருட்டி வாசலில் எறிந்தான்.

அன்றிலிருந்து அம்சம் நாயை வேளாவேளைக்கு வெளியே கூட்டிப்போனாள். அது சேற்றில் நின்று அவள் முகத்தையே பார்க்கும். உள்ளே வந்ததும் நேராக வைக்கோலுக்குப் போய்விடும். ஒரு வாரம் இதே கதை.

“கெழட்டு நாய்க்கு இனிமே என்னத்தப் புரியப்போவுது? ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வா,” என்றாள் அடுத்த வீட்டு ராமாயி.

அம்சம் விடவில்லை. ஒருநாள் உட்கார்ந்து கவனித்தாள். மண்தரை எவ்வளவோ காலியாகக் கிடக்க, ஜிம்மி அடக்கிக்கொண்டு அலைந்து வைக்கோலைத் தேடிப் போனது. அவளுக்குச் சட்டென்று விளங்கியது. பிறந்ததிலிருந்து களத்து வைக்கோலில் கட்டிக்கிடந்த நாய். அதற்கு வேறு இடமே தெரியாது.

வீட்டு வைக்கோல் முழுவதையும் வாரிக்கொண்டுபோய்க் கொல்லைப் பூவரச மரத்தடியில் போட்டாள். கஞ்சி குடித்த கையோடு ஜிம்மியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். அது மோந்து பார்த்தது; இரண்டு சுற்றுச் சுற்றியது; காலைத் தூக்கியது. அம்சம் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த இடத்திலேயே ஒரு கருவாட்டுத் தலையைக் கொடுத்து, காதைத் தடவிவிட்டாள்.

“நாய்க்கு மெத்த மரத்தடியில, நமக்கு வெறுந்தரையா?” என்று காத்தான் முணுமுணுத்தான். ஆனாலும் பாய் நனையவில்லை என்பதை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவள் வைக்கோலை நாளுக்கொரு பிடியாகக் குறைத்தாள். நடுவில் ஒருநாள் அடுப்பங்கரையில் தவறு நடந்தது. திட்டாமல் துடைத்தாள். கார்த்திகை பிறந்தபோது மரத்தடியில் வைக்கோலே இல்லை; ஜிம்மி தானாக அங்கே போனது.

பிறகு மூன்று நாள் விடாத மழை. உச்சிவேளை, அம்சம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஜிம்மி கதவைப் பிறாண்டி மெல்ல முனகியது. இப்படி அது கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் எழுவதற்குள் காத்தான் சாக்கை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தான்.

வெகுநேரமாகியும் வரவில்லையே என்று அவள் எட்டிப் பார்த்தாள். சாக்கை நாய்க்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு, அவன் தொப்பலாக நனைந்து நின்றான்.

“மெதுவாப் போ. ஒண்ணும் அவசரமில்ல,” என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வேலிக்கு அப்பால் ராமாயி வாயைப் பொத்திச் சிரித்தாள். “என்ன காத்தா, மழையில நாய்க்குக் கொடை புடிக்கிற?”

“எங்க நாய் உள்ள அசிங்கம் பண்ணாது. கேட்டுட்டுத்தான் போவும்,” என்றான் காத்தான், நிமிர்ந்து நின்று.

உள்ளே வந்ததும் ஜிம்மி உடம்பை ஓர் உதறு உதறியது. களைந்து வைத்த அரிசிமேல், அம்சத்தின் முகத்தில், எங்கும் தண்ணீர். இரண்டு பேரும் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று.