டிரம்முக்குள் நின்ற வெள்ளைக் கிழங்கு

டைட்டஸ் கப்பலில் சமையல்காரன். விடுப்பில் பாளையங்கோட்டைக்கு வரும்போதெல்லாம் பார்ஸ்னிப் என்ற கிழங்கைப் பற்றித்தான் பேச்சு. பார்க்க வெளுத்துப்போன கேரட் மாதிரி இருக்குமாம். குளிர்நாட்டுத் துறைமுகங்களில் மூட்டை மூட்டையாக ஏற்றுவார்களாம். வெண்ணெயில் வாட்டினால் அப்படி இனிக்குமாம். "நம்மூரு வெயிலுக்கு அது மொளைக்கவே செய்யாது" என்று முடிப்பான். அதுதான் அவன் மனைவி ஜெர்லினுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் அவள் வைத்து வராத செடி கிடையாது.

விதை வாங்கிவரச் சொன்னாள். முதல் வருடம் தட்டில் முளைக்கவைத்து, நாற்றாகப் பிடுங்கி நட்டாள். தோண்டிப் பார்த்தால், பிடுங்கியதில் வேர்நுனி அறுபட்டு ஒவ்வொன்றும் கோழிக்கால் போலக் கிளைத்துக் கிடந்தது. மீந்த விதையை மறுவருடம் போட்டாள், ஒன்றுகூட எழும்பவில்லை. இந்தக் கிழங்கின் பழைய விதைக்கு உயிர் இருக்காதென்று டைட்டஸ் யாரிடமோ கேட்டுப் போனில் சொன்னான்.

அடுத்த தடவை புதுவிதை வந்தது. ஜெர்லின் ஒரு பெரிய நீல டிரம்மின் அடியில் ஓட்டைகள் போட்டாள். ராதாபுரம் பக்கத்துத் தாய்வீட்டிலிருந்து செம்மணல் கொண்டுவந்து, நன்றாக மட்கிய சாணத்தோடு கலந்து, ஒரு கல் தங்காமல் சலித்து நிரப்பினாள். கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில் விதையை அதிலேயே தூவி, ஈரச்சாக்கால் மூடினாள்.

வாரங்கள் போயின. பக்கத்து வீட்டு உலகம்மாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, வெறும் மண்ணுக்கு எதுக்குத் தெனமும் தண்ணி ஊத்துத? அதுல நாலு மொளகா நாத்தை ஊணு."

"நானும் அதான் நெனைக்கேன்க்கா."

மண்ணைக் கொட்டிவிடும் எண்ணத்தோடுதான் சாக்கைத் தூக்கினாள். உள்ளே நூல் கனத்தில் ஒரு வெள்ளை வளைவு, தலை இன்னும் மண்ணுக்குள். அருகில் இன்னொன்று. அப்புறம் அங்கங்கே. தன் மூச்சுக்காற்று பட்டால்கூடச் சாய்ந்துவிடுமோ என்று ஜெர்லின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நெருக்கமாக நின்றதைக் கிள்ளியெடுத்தாள். உச்சிவெயிலுக்குப் பழைய சேலையைப் பந்தலாகக் கட்டினாள். தழை ஒரு முழ உயரம் வந்தது.

தவக்காலத்தில் டைட்டஸ் வீட்டுக்கு வந்தான். ஒரு செடியைப் பிடித்து இழுத்தான், அசையவில்லை. "பைய, பைய! ஒடிச்சிராதீங்க" என்று ஜெர்லின் அவன் கையைத் தட்டிவிட்டாள். கடைசியில் ரம்பத்தால் டிரம்மையே மேலிருந்து கீழாக அறுத்துப் பிரித்தார்கள். மண் தூண் போல நின்றது. அவள் குழாய்த் தண்ணீரை மெதுவாக அதன்மேல் பாய்ச்சினாள்.

செம்மண் கரையக் கரைய ஒரு வெள்ளைத் தோள் தெரிந்தது. பிறகு நெஞ்சு. கீழே போகப் போக ஒடுங்கி, எலிவாலாகி, மயிரிழையாகி, அப்போதும் முடியாமல் டிரம்மின் அடிவரை இறங்கியிருந்தது. அதைச் சுற்றி இன்னும் பல. மேலே அத்தனை சின்னத் தழை; அடியில் இவ்வளவு ஆழமா! ஜெர்லினுக்கு மெய் சிலிர்த்தது.

"எத்தனை வருசமா வெட்டுதேன்," என்றான் டைட்டஸ் தணிந்த குரலில். "மண்ணுக்குள்ள இப்படி நிக்கும்னு தெரியாமப் போச்சே."

அன்று வாட்டித் தின்றபோது மாவு போலச் சப்பென்றிருந்தது. அவன் முகம் வாடவில்லை. "குளிரு படணும். அப்பத்தான் இனிக்கும்" என்று மீதியை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தான். விடுப்பு முடியும் வாரத்தில் எடுத்து வாட்டினான். ஜெர்லின் உலகம்மாளையும் கூப்பிட்டாள்.

உலகம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டாள். "சீனி எவ்வளவு போட்ட?"

"ஒரு துளி போடலக்கா."

ஜெர்லினும் கடித்தாள். அதே மண், அதே கிழங்கு. யாரும் எதையும் சேர்க்கவில்லை. இருட்டில், குளிரில் சும்மா கிடந்து அது தனக்குத்தானே இனித்திருந்தது. அவள் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு, தட்டைக் கணவன் பக்கம் நகர்த்தினாள்.