நேராக்கிய கண்

பள்ளிக்கூட ஹாலில் படத்தின் மேலிருந்த துணியைத் தலைமையாசிரியர் விலக்கியபோது, மகள் பெருமை தாங்காமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்க வேண்டாம். அம்மா படத்தை ஒரு பார்வை பார்த்தாள். கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பள்ளியில் அறிவியல் வாத்தியாராகச் சேர்ந்து, அறிவியல் வாத்தியாராகவே ஓய்வு பெற்ற மனிதர். அவர் பாடம் நடத்திய ஆய்வுக்கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று கேட்டார்கள். "அதை என்கிட்ட விட்டுடுங்க சார்" என்று மகள் வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுக்கமாட்டாளா பின்னே? கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவள். கல்யாணப் பெண்ணின் பருவையும் மாப்பிள்ளையின் தொப்பையையும் சத்தமில்லாமல் காணாமல் போக்குவதில் கெட்டிக்காரி என்று பேர் எடுத்தவள்.

வேலையில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. அவள் எடுத்த குடும்பப் படங்களில் அப்பா எதிலும் நேராக இல்லை. எல்லாவற்றிலும் ஓரமாக, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நின்றார். அது ஏன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த அந்த விஷயத்தின் பக்கம் அவள் போவதே இல்லை. கடைசியில், ஓய்வு பெற்ற நாளில் வேறு யாரோ எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அப்பாவை மட்டும் வெட்டி எடுத்தாள்.

அப்பாவின் இடது கண் கொஞ்சம் வெளிப்பக்கம் விலகி நிற்கும். பிறவியிலேயே அப்படி. மகள் கம்ப்யூட்டரில் அவருடைய வலது கண்ணை நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி, இடது கண் இருந்த இடத்தில் பொருத்தினாள். இமையோரம் ஒட்டுத் தெரியாமல் இழைத்தாள். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர்களைக்கூட நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டாள். வேலை முடிந்தபோது அப்பா நேராகப் பார்த்தார். என்ன லட்சணம் என்று அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

ஹாலில் ஒருவருக்கும் கலங்கவில்லை. பழைய மாணவர்கள் படத்தைப் பார்த்தார்கள். பிறகு பக்கத்திலிருந்தவர் முகத்தைப் பார்த்தார்கள். பஸ் டிரைவர் ஒருவர் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "நாம ஹால் மாறி வந்துட்டமா?" என்று கேட்டது முன்வரிசை வரை வந்தது.

முதலில் பேசியவர் அவரிடம் படித்த ஒரு பல் டாக்டர். "சாருக்கு நாங்க வச்ச பேரு சர்ச் லைட். அம்மா மன்னிக்கணும். அவரு யாரைப் பாக்குறாருன்னு ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியாது. அதனால மொத்த வகுப்பும் என்னைத்தான் பாக்குறாருன்னு வாலைச் சுருட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்."

ஹால் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், அந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக.

அடுத்து டிரைவர் எழுந்தார். "நான் கடைசி பெஞ்சு. வீட்டுல என்னை ஏன்னு கேக்க ஆள் கிடையாது. இவரு ஒருத்தராவது என்னையே பாத்துப் பாடம் நடத்துறாரேன்னு நெனச்சேன். அந்த நெனப்புலதான் பள்ளிக்கூடத்தையே முடிச்சேன். பின்னாடி பேசிப் பாத்தா, முதல் பெஞ்சுக்காரனும் அப்படியேதான் நெனச்சிருக்கான்." சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் படத்தின் பக்கம் திரும்பினார். பேச்சு நின்றுவிட்டது. "படம்… நல்லா போட்டிருக்காங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மகளுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. யார் முகத்தையும் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு பேர் தேடிவந்த பார்வையை அவள்தான் துடைத்துப் போட்டிருந்தாள், அதுவும் மெனக்கெட்டு. அப்பாவின் பள்ளியில் படிக்கமாட்டேன் என்று சின்ன வயதில் அடம்பிடித்து வேறு பள்ளியில் சேர்ந்தவள் அவள். அவர் வகுப்பில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "தப்புப் பண்ணிட்டேன்மா" என்றாள்.

அம்மா தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் 'அப்பா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க, வெளிச்சம் சரியில்ல'ம்பியே. அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வெளிச்சம் எங்கேருந்து வருது, எப்படித் திரும்புதுன்னு காலமெல்லாம் பாடம் நடத்துன மனுஷன்டி."

மகள் கழற்றிய செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"வீட்டுக்கு வந்து சிரிப்பாரு. 'ஹெட்மாஸ்டர், நம்ம பொண்ணு கடையில மட்டும் சூரியன் தினமும் என் வலது பக்கம்தான் உதிக்குது'ம்பாரு." அம்மாவை அவர் வீட்டில் கூப்பிடுவது அப்படித்தான்.

"கோபமே வரலையாமா?"

"வந்திருந்தாத் தேவலையே. கண்ணாடி முன்னாடி நின்னு, எவ்வளவு திரும்புனா அந்தக் கண்ணு தெரியாதுன்னு பாத்து வச்சுக்கிட்டாரு. 'பாவம், அவ வாயால சொல்ற மாதிரி வச்சிடக் கூடாது'ன்னாரு."

உண்மைதான். பின்னாளில் அவள் சொல்ல வேண்டியே இருந்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டுக் கேரியரோடு ஸ்டுடியோவுக்கு வருவார், அவள் சாப்பிடும்வரை அழுகிற குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுவார். கேமராவை எடுத்தால் மட்டும் தானாகவே ஓரத்துக்குப் போய், அளவெடுத்தாற்போல் திரும்பி நிற்பார். பழகிவிட்டார் என்று அவள் நிம்மதிப்பட்டிருந்தாள். அந்த நிம்மதியை நினைக்க இப்போது உடம்பே கூசியது.

அன்று ராத்திரியே ஸ்டுடியோவைத் திறந்து, கைபடாத பழைய முகத்தைத் திரையில் கொண்டுவந்தாள். ஒரு சுருக்கத்தைக்கூடத் தொடாமல் அச்சுப் போட்டாள்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் மேசைமேல் ஏறி, நேற்றைய படத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை அவளே மாட்டினாள். மணியடிக்க நேரம் இருந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்பா அவளைத்தான் பார்த்தார். ஜன்னலோரம் நகர்ந்தாள். அங்கேயும் அவளைத்தான். எழுந்து கடைசி பெஞ்சுக்கே போய், மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

அங்கேயும் விடவில்லை. எந்தக் கண் தன்னைப் பார்க்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டில் ஒன்றையாவது நிமிர்ந்து பார்க்க முயன்றாள். முடியாமல், அவர் வகுப்புக்குத் தாமதமாக வந்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.