பூ கிள்ளிய செடி

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு தாவரவியல் கூடத்து பெஞ்சில். தொட்டியில் தானாக முளைத்த ஒன்றுக்குப் பெயர் கேட்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அண்ணியும் அவள் நாத்தனாரும், கையில் வேரோடு பிடுங்கிய ஒரு செடி.

"வெட்டுக்காயப் பூண்டுதான் அண்ணி. எங்கம்மா எல்லாப் புண்ணுக்கும் இதைத்தான் கசக்கி வைப்பாங்க."

"உங்கம்மாவுக்கு சுகர் இல்ல. உங்கண்ணனுக்கு இருக்கு."

2.

('ஈரக் காற்றில் அந்தச் சிறு செடி...' என்று தொடங்கினேன், வேண்டாம். செடி பேசாது. பேசாததை எழுத எனக்கு வராது.)

அண்ணனுக்குக் குதிகாலில் புண், ஆறவில்லை. இலையை அரைத்துக் கட்டலாம் என்கிறாள் தங்கை. அது அந்தச் செடியே இல்லை என்கிறாள் மனைவி. பெயர் உறுதியானால் கட்டுவது என்று ஒப்பந்தம். அண்ணன் பெஞ்சின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

3.

கூடத்தில் செடிக்குப் பெயர் சொல்பவரை முதலில் சிடுமூஞ்சியாக எழுதினேன். அநியாயம். பாவம், அவருக்குத் தும்மல்.

"பூ எங்கம்மா?"

"கிள்ளிட்டேன் சார். களையாச்சே, விதை பரவக் கூடாதுன்னு தினமும் கிள்ளிடுவேன்," என்றாள் அண்ணி.

"இலையை வச்சு பேர் சொல்றது செருப்பைப் பாத்து மாப்பிள்ளை முடிக்கிற மாதிரி. நடுவுல மஞ்சள், சுத்தி வெள்ளை இதழ், இதழ் நுனியில மூணு பல்லு. அது இருந்தா சொல்லிடுவேன்."

"எப்ப சார் பூக்கும்?"

"வேரோட பிடுங்கிட்டு வந்து எப்பப் பூக்கும்னா?"

"வேணும்னே கிள்ளியிருக்காங்க சார்!" இது நாத்தனார்.

(பக்கக் குறிப்பு: வெட்டுக்காயப் பூண்டு கடல் தாண்டி வந்த களை. வந்த இடத்தில் மருந்தென்று பெயர் வாங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த மருமகளுக்கு அவ்வளவு சுலபமில்லை.)

4.

முடிவு அ: அதே செடிதான், புண் ஆறுகிறது. எழுதமாட்டேன். யாராவது படித்துவிட்டு இலை பறிக்கப் போவார்கள்.

முடிவு ஆ: இலையைக் கட்டுகிறார்கள், புண் புரையோடி, கால்... அடித்துவிட்டேன். அதன் பிறகு அந்தத் தங்கைக்கு நான் என்ன வசனம் கொடுப்பேன்?

5.

இரண்டையும் கைவிட்ட பிறகுதான் உறைத்தது: புண் யாருடையதோ அவருக்கு நான் ஒரு வரிகூடத் தரவில்லை. உண்மையில் அவர் பேசினார்.

"கால் என்னுது. என்னை யாராச்சும் கேட்டீங்களா?"

"நீங்க சும்மா இருங்க."

"நீ சும்மா இருண்ணா."

"செடிக்குப் பேரு வச்சு, காது குத்தி, மெதுவா வாங்க. நான் டாக்டர்கிட்ட போறேன்."

எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார். குதிகால் தரையில் படாமல் ஓர் அடி வைத்தார்.

"இருங்க, வரேன்" என்றோ, "இருண்ணா, வரேன்" என்றோ ஒரு குரல். எது என்று எனக்குத் தெரியும். எழுதினால் இன்னொருத்தி தோற்றுவிடுவாள். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், சீக்கிரம், மனிதர் ஒற்றைக் காலில் நிற்கிறார்.