மூன்று முழுக்கு

விமலராணி பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அவளைப் பொய்க்காரி என்று சொன்னவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. அவள் செய்ததெல்லாம் பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான். பலேர்மோவில் அடுத்தவர் வீட்டைத் துடைத்துப் பிழைக்கிற ஒருத்திக்கு வாயை மூடுவது பழக்கம். அதில் சூதுவாது ஒன்றும் கிடையாது.

மகள் சாம்பவியை முதலாம் வகுப்பில் சேர்ப்பதற்கான படிவத்தை நிரப்பியது, விமலராணி வேலை பார்த்த வீட்டு சிஞோரா. அது கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடம். பங்குக் கோயிலைச் சேர்ந்த ஏழைப் பிள்ளைகளுக்கென்று அங்கே சில இலவச இடங்கள் இருந்தன, அவற்றில் ஒன்றை சிஞோராதான் சொல்லி வாங்கிக் கொடுத்தாள். சமயம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனையை நிறுத்தி, "நீங்கள் என்ன?" என்று கேட்டாள்.

"கிறிஸ்தவர்கள்" என்றாள் விமலராணி.

சிஞோரா 'கத்தோலிக்கர்' என்று எழுதினாள். அந்த ஊரில் கிறிஸ்தவர் என்றால் வேறு என்னவாக இருக்க முடியும்? விமலராணி அந்தச் சொல்லைப் பார்த்தாள், எழுத்துக்கூட்டி வாசித்தாள், பிறகு கத்தரிக்காய் வெட்டப் போய்விட்டாள்.

அவர்கள் மோர்மன்கள். அந்தச் சபையின் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால், அவர்கள் குடியிருந்த பல்லரோப் பகுதியின் மற்றத் தமிழ்ச் சனம் அதை 'அமெரிக்க வேதம்' என்று சுருக்கிவிட்டது. விமலராணியின் கணவன் கோபாலசிங்கம் துறைமுகத்தில் கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிறவன். ஒரு காலத்தில் குடித்தான். சும்மா குடிக்கவில்லை, விடிந்தவுடன் குடித்தான். கேஸ்தூரா என்ற போலீஸ் அலுவலகத்தில் பெர்மேஸோவை, அதாவது தங்கும் அனுமதியை, புதுப்பிக்கப் போனால் கை நடுங்கிப் பேனையைப் பிடிக்க முடியாது. அவனுடைய கையெழுத்தையும் விமலராணியே வைத்தாள். வைத்து வைத்து, அவனைவிட அவள் அதை நன்றாகப் போடுவாள்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் வீட்டுப் படிக்கட்டில் விழுந்து கிடந்தபோது, வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வந்த இரண்டு அமெரிக்கப் பெடியன்கள் அவனை நாலு மாடி தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார்கள். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். சொந்தத் தம்பிகூட அப்படி வந்து பார்த்ததில்லை. ஐந்து மாதத்தில் கோபாலசிங்கம் வைனை விட்டான். அந்தச் சபையில் கோப்பியும் தேநீரும்கூட ஆகாது என்றார்கள், அதையும் விட்டான். யாழ்ப்பாணத்தான் ஒருவன் தேத்தண்ணியை விட்டான் என்றால் அது விளையாட்டுக் காரியம் இல்லை. மூன்று வருடமாக அந்த வீட்டில் தேயிலைப் பேணி வெறுமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோபாலசிங்கம் சபையின் முன்னால் நின்று அப்பத்தைப் பிட்டு ஆசீர்வதித்தான். அந்தக் கைகள் நடுங்காமல் அப்பத்தைப் பிடிப்பதை விமலராணி ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்தச் சபையின் போதனைகளில் பாதி விளங்கவில்லை. கை நடுங்கவில்லை என்பது விளங்கியது, அது போதும்.

பள்ளிக்கூடமும் அவளுக்கு அதே அளவு வேண்டியிருந்தது. அரசாங்கப் பள்ளி மதியத்தோடு மூடிவிடும். சிஸ்டர்மார் சாப்பாடும் கொடுத்து மாலை ஆறு மணிவரை பிள்ளையை வைத்திருந்தார்கள். சாம்பவியை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது என்று சிஞோரா முன்பே சொல்லியிருந்தாள். பள்ளி இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் பெர்மேஸோ இல்லை. இரண்டையும் ஒன்றோடொன்று முட்டவிடாமல் விமலராணி இரண்டு வருடம் ஓட்டினாள். அது சின்னக் கெட்டித்தனம் இல்லை.

முட்டவைத்தது பிள்ளையின் வயது. மோர்மன் பிள்ளைக்கு எட்டு வயதில் ஞானஸ்நானம். கத்தோலிக்கப் பிள்ளைக்கு அதே எட்டு வயதில் முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கும் சடங்கு. இரண்டுக்கும் வெள்ளைச் சட்டை. விமலராணி சிஞோராவின் பழைய மேசைவிரிப்பை வெட்டி ஒரே சட்டையாகத் தைத்தாள், மடிப்பை ஆழமாக விட்டு.

அக்டோபர் மாதத்தில் மொண்டெல்லோக் கடலில் ஞானஸ்நானம் நடந்தது. கோடைச் சனமெல்லாம் போய்க் கரை வெறிச்சோடிக் கிடந்தது. அந்தச் சபையில் தகப்பனே பிள்ளைக்குக் கொடுக்கலாம். கோபாலசிங்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று மகளை முழுதாக முக்கி எடுத்தான். கரையில் நின்ற சாட்சிகள் இரண்டு பேரும் சரியில்லை என்று தலையை ஆட்டினார்கள், சட்டை விளிம்பு மேலே மிதந்துவிட்டதாம். உடம்பும் உடுப்பும் ஒரு நூல் மிச்சமில்லாமல் தாழ வேண்டும். மறுபடியும் முக்கினான். சாம்பவி மூச்சிரைத்துக்கொண்டு வெளியே வந்து சிரித்தாள். கோபாலசிங்கம் அழுதான். அதே கரையில் அவன் குடித்துவிட்டுக் கிடந்ததை விமலராணி மட்டும்தான் அறிவாள்.

பிப்ரவரியில் சுவோர் அகஸ்ரீனா என்ற கன்னியாஸ்திரி முதல் நன்மைப் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரத்தைக் கேட்டாள். சாம்பவியின் வகுப்பாசிரியை அவள், கண்டிப்பானவள், கெட்டவள் இல்லை. விமலராணி மோர்மன் சபை கொடுத்த பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஞானஸ்நானம் என்றால் ஞானஸ்நானம்தானே, இயேசுவின் பெயரும் அதில் இருந்ததே என்று நினைத்தாள். பெரிய கோயிலில் செய்தால் என்ன, சின்னக் கோயிலில் செய்தால் என்ன, அர்ச்சனை அர்ச்சனைதான் என்று சைவ வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறு எப்படி நினைக்க வரும்?

சுவோர் அகஸ்ரீனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். "ஞானஸ்நானம் கொடுத்தவர் கோபாலசிங்கம். யார் இந்தக் குருவானவர்?"

"என்னுடைய கணவர்."

"உங்கள் கணவர் குருவானவரா?"

"ஞாயிற்றுக்கிழமையில்" என்றாள் விமலராணி. "மற்ற நாளில் துறைமுகத்தில்."

சுவோர் சிரிக்கவில்லை. பத்திரத்தை மடித்து அவள் கையில் திருப்பி வைத்தாள். கோபப்படாமல்தான் பேசினாள், அதுதான் பயமாக இருந்தது. அந்த இலவச இடம் பங்குப் பிள்ளைகளுக்கானது. காத்திருக்கும் பட்டியலில் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் சாம்பவிக்குத் திருச்சபையில் முறையான ஞானஸ்நானம் நடந்தால் தலைமைச் சகோதரியிடம் தானே பேசுவதாகச் சொன்னாள். இல்லையென்றால் செப்டம்பரில் இடம் இல்லை. தாய், தகப்பன் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

விமலராணி அன்றைக்கே கணவனிடம் கதையை எடுத்தாள். கீரை ஆய்ந்துகொண்டே, பாரமில்லாத குரலில்.

"இஞ்சேருங்கோ, சிஸ்டர்மார் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேக்கினம்."

"குடுத்தாச்செண்டு சொல்லன்."

"அது அவையளுக்குச் செல்லாதாம்."

கோபாலசிங்கம் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதை நிறுத்தினான். "நான் குடுத்தது செல்லாதோ?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. உதவாக்கரை என்று ஊரே முடிவுகட்டிய ஒருவன், தன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒரே காரியத்தைப் பற்றிக் கேட்கிற குரல் அது. "ராணி, நான் இவ்வளவு காலத்தில பிள்ளைக்குக் குடுத்தது அது ஒண்டுதான்."

"அவையள் கதைக்கிறதை விடுங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள் அவள்.

பார்த்துக்கொண்டாள். படிவத்தில் தன் பெயரை எழுதினாள், அதன் கீழே அவனுடைய கையெழுத்தை வைத்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகும் கை அதை மறக்கவில்லை. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு புதன்கிழமை காலை, மடத்துச் சிற்றாலயத்தில், சுவாமியார் சாம்பவியின் தலையில் உள்ளங்கையால் மூன்று தரம் தண்ணீர் ஊற்றினார். அதே வெள்ளைச் சட்டை, மடிப்பு ஒரு விரற்கடை இறக்கப்பட்டிருந்தது. முடிந்ததும் விமலராணி தன் சேலைத் தலைப்பால் பிள்ளையின் தலையைத் துவட்டினாள்.

"இதை வீட்டிலை சொல்லக் கூடாது, பிள்ளை. விளங்குதோ?"

"ஓம்" என்றாள் சாம்பவி. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. அவள் வீட்டில் சொல்லவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு மோர்மன்களுக்கு உபவாசம். இரண்டு வேளை சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. அன்றைக்குச் சபையில் பிரசங்கம் கிடையாது. மனம் ஏவியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய் மைக் முன்னால் நின்று, கடவுள் தங்களுக்குச் செய்ததைச் சாட்சி சொல்ல வேண்டும். பிள்ளைகளும் போவார்கள். அப்பா நல்லவர், அம்மா நல்லவர், நன்றி என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஓடி வந்துவிடுவார்கள். மே மாதத்து முதல் ஞாயிறன்று சாம்பவியும் எழுந்தாள். அவளுக்கு அது முதல் உபவாசம், முகம் வாடியிருந்தது. விமலராணி அவளுடைய சட்டையைப் பிடிக்கக் கை நீட்டினாள், பிடி கிடைக்கவில்லை.

சபைத் தலைவர் மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தார். சாம்பவி பலேர்மோப் பிள்ளைகளின் இழுவை இத்தாலியனில் பேசினாள்.

"எனக்குக் கடவுளை நிறையப் பிடிக்கும். எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் ஒரு ஞானஸ்நானம்தான். எனக்கு மூன்று. அப்பா கடலில் இரண்டு தரம் தந்தார், அது குளிர். பள்ளிக்கூடத்தில் சுவாமியார் ஒரு தரம் தந்தார், அது இளஞ்சூடு. அம்மா வந்து என் தலையைத் துடைத்தார். அப்பாவுக்கு வேலை, அதனால் வர முடியவில்லை. இதை வீட்டில் சொல்லக் கூடாது. இது கடவுளின் வீடு, அதனால் சொல்கிறேன். ஆமென்."

பழக்க தோஷத்தில் நாலைந்து பேர் ஆமென் என்றார்கள். அப்பம் வைத்த மேசைக்குப் பின்னால் இருந்த கோபாலசிங்கம் தன் இரண்டு கைகளையும் எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்தான். சபைத் தலைவர் எழுந்து ஏதோ நல்ல வார்த்தை சொன்னார். நல்ல வார்த்தைதான், ஆனால் யார் காதில் ஏறியது?

பஸ்ஸில் கோபாலசிங்கம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"என்ர கையெழுத்து?"

"நான்தான்."

அவன் தலையை ஆட்டினான். தெரிந்த சங்கதியை உறுதி செய்துகொண்டவன்போல ஆட்டினான். விமலராணி சொல்ல ஆயிரம் இருந்தது. வேலை, பெர்மேஸோ, செப்டம்பர். ஒன்றும் வாயில் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பதில் அவ்வளவு கெட்டிக்காரி ஆகிவிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் சோறு போட்டு மேசையில் வைத்தாள். உபவாசத்தை முடிக்க வீட்டுத் தலைவன் செபம் சொல்ல வேண்டும். கோபாலசிங்கம் உட்காரவில்லை.

"தேத்தண்ணி ஒண்டு போடு" என்றான்.

விமலராணி வெறும் பேணியைத் திறந்து பார்த்தாள். "தேயிலை இல்லையேப்பா."

"வாங்கிக்கொண்டு வாறன்."

தேயிலைக் கடை பல்லரோவில், தெரு முனையில் இருந்தது. மொரிசியஸ்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்திருப்பார். போய்வரப் பத்து நிமிடம் போதும். சாம்பவி மேசையில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி ஆனது. இரண்டு மணி ஆனது.

"நீ சாப்பிடு, பிள்ளை."

"அப்பா வந்து செபம் சொல்லோணும்."

"பரவாயில்லை, சாப்பிடு."

"அப்ப உபவாசம் செல்லாது" என்றாள் சாம்பவி. சிறிது நேரம் கழித்து, "அம்மா, நான் பிழையாச் சொன்னனானோ?" என்று கேட்டாள்.

"இல்லை. நீ ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை" என்றாள் விமலராணி. அவளுக்குக் கோபம் வந்தது. பிள்ளையின் மேல் இல்லை. இந்தப் பக்கத்துக் கடவுளும் அந்தப் பக்கத்துக் கடவுளும் ஒரு சின்னப் பெண்ணின் தலையைத்தானா தேடிப் பிடித்தார்கள் என்று வந்த கோபம். யாரிடம் போய் அதைச் சொல்வது?

நாலு மணிக்குப் படிக்கட்டில் காலடி கேட்டது. இரண்டு படி ஏறி நின்றது, மறுபடி ஏறியது, சுவரில் தோள் உரசியது. மூன்று வருடமாகக் கேட்காத காலடி. விமலராணி அதைக் கேட்டே எத்தனை கிளாஸ் என்று சொல்லிவிடுவாள். அவள் எழுந்து கதவைத் திறந்து வைத்தாள்.

கோபாலசிங்கம் உள்ளே வந்தான். தேயிலைப் பைக்கற்றை மறக்காமல் வாங்கி வந்திருந்தான். அதை மேசையில், சோற்றுக்குப் பக்கத்தில், மிகக் கவனமாக வைத்தான். வைன் வாடை மேசையைச் சுற்றிப் பரவியது.

"இனி எல்லாத்துக்கும் நீயே வை, ராணி" என்றான். "என்ர கையெழுத்தை."

விமலராணி தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது சாம்பவி கைகளைக் கட்டி, தலையைக் குனிந்து, கண்களை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, செபம்" என்றாள்.

கோபாலசிங்கம் கதிரையில் உட்கார்ந்து மகளின் முகத்தைப் பார்த்தான். அவனுடைய உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தண்ணீர் கொதித்தது. விடியற்காலையில் இருந்து பசியோடிருந்த பிள்ளை கண்ணைத் திறக்காமல் காத்துக்கொண்டே இருந்தாள்.