வெறும் பாறை

அத்தனை குரங்குகள் திரியும் குகை வாசலில் சோற்றுத் தூக்கை யாராவது காக்கத்தான் வேண்டும். கந்தப்பன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் தங்கை சாந்தாமணி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் மனைவி ரங்கநாயகி தடுக்கவில்லை. புருஷன் பின்னால் குகைக்குள் இறங்கினாள்.

அன்னூரிலிருந்து இத்தனை தூரம் வந்ததே சாந்தாமணிக்காகத்தான். வடக்கே பஸ்தர் பக்கம் போர்வெல் லாரி ஓட்டும் கந்தப்பன், அங்கே தேசியப் பூங்காவுக்குள் ஒரு சுண்ணாம்புக் குகை இருக்கிறது, ஊரெல்லாம் வந்து பார்க்கிறது என்று ஒரு தீபாவளிக்குச் சொல்லிவைத்தார். தாலியிழந்த இருபது வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அதைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான்.

உள்ளே வழிகாட்டி பெட்ரோமாக்ஸைத் தூக்கிப் பிடித்தான். காயப்போட்ட பட்டுச்சேலைபோல வெள்ளைக் கல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. கீழிருந்து ஒரு தூண் அதை எட்டிப்பிடிக்க வளர்ந்து வந்திருந்தது. நடுவே ஒரு விரல்கடைதான் பாக்கி. மேலே போனதும் தூக்கை வாங்கிக்கொண்டு சாந்தாமணியை அனுப்பிவிட வேண்டும் என்று ரங்கநாயகி நினைத்துக்கொண்டாள்.

"எப்படீங்க இருந்துச்சு, நங்கையா?"

மேலே வந்ததும் சாந்தாமணி கேட்டாள்; அண்ணன் மனைவியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். ரங்கநாயகி கல்யாண வீடுகளுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் கதவைத் திறக்கும் அதே முகம். தாலியிழந்தவளை யாரும் அழைப்பதில்லை. அவள் ஏங்கக் கூடாதென்று ரங்கநாயகி ஒவ்வொரு முறையும் சாம்பார் தீய்ந்திருந்தது, பெண்ணும் சுமார்தான் என்பாள். இப்போதும் வாய் தானாக அந்த வழியே போய்விட்டது.

"ஒண்ணுமில்ல அம்மணி. வெறும் பாறை, ஒரே சேறு."

வழிகாட்டியிடம் இந்தியில் பேசிவிட்டு வந்த கந்தப்பன், விளக்கில் இன்னொரு நடைக்கு எண்ணெய் இருக்கிறதாம், நீயும் பார்த்துவிட்டு வா என்றார்.

"வேண்டாங்கண்ணா. ஒண்ணுமில்லைன்னு நங்கையாவே சொல்லிப்போட்டாங்க. பின்ன எதுக்கு அந்த மனுசனுக்குச் சிரமம்?"

"எனக்கும் பாறையாத்தான் தெரிஞ்சுது. எத்தனை அடியில தண்ணி வரும்னுதான் பாத்துட்டிருந்தேன்," என்று கந்தப்பன் சிரித்தார்.

ரங்கநாயகி வாயைத் திறந்தாள். இது பொய்யென்று ஒப்புக்கொண்டால் இருபது வருஷத்துச் சாம்பாரையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தூக்கின் மூடியைத் திருகினாள்.

வழிகாட்டி விளக்கை அணைத்தான்.

"தோள்ல சுண்ணாம்புங்க," என்று ரங்கநாயகியின் சேலையைத் துடைத்துவிட்ட சாந்தாமணி, விரல் நுனியில் ஒட்டிய வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.