கைப்பிடி இல்லாத கதவு

புதுக் கார் வாங்கினதுலேர்ந்து என் தம்பி கால் தரையில படல. அன்னைக்குப் பகல் பதினோரு மணிக்குக் காரை என் பட்டறை வாசல்ல வெயில்ல நிறுத்திட்டு, பொண்டாட்டி புள்ளையோட இறங்கினான். வாங்கி ஒன்பதே நாள். அதுக்குள்ள முன் பம்பர் ஓரம் நசுங்கியிருக்கு. சொந்த வீட்டு கேட்டுலயே இடிச்சிருக்கான்.

"நாலு பக்கமும் கேமரான்னு பீத்திக்கிட்டியே, அதெல்லாம் தூங்கிட்டிருந்துச்சா?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதக்கா."

நான் டிங்கர் வேலை பாக்கறவ. நசுங்கினதைத் தட்டி நிமித்தி, பட்டி பூசி, பெயிண்ட் அடிச்சுக் குடுப்பேன். இருபத்திரண்டு வருஷமாச்சு. என் சுத்தியலாவது ராத்திரி ஓயும், வாய் ஓயாதுன்னு தெருவுல பேரு. சொல்லிட்டுப் போகட்டும்.

காரு அழகு, அதுல பொய் சொல்ல மாட்டேன். தேஞ்ச சோப்புக்கட்டி மாதிரி ஒரு மூலை முடுக்கு கிடையாது. என் பழைய வண்டி பக்கத்துலயே நின்னுச்சு. ரெண்டு உருண்டை விளக்கு, துருத்திக்கிட்டு நாலு கைப்பிடி, கண்ணாடியை ஏத்தி இறக்க ஒரு திருகு. அந்தத் திருகு எப்பவுமே லொடலொடன்னு ஆடும். தம்பி மக வந்தான்னா அதைத்தான் சுத்திட்டு இருப்பா. "கழண்டு வந்துடும், விடுடி"ன்னு நானும் கத்திட்டு இருப்பேன்.

அவளுக்கு நாலு வயசு. எந்த இண்டு இடுக்குலயும் பூந்துடுவா, அதனால சுண்டெலின்னு கூப்பிடுவோம்.

"கைப்பிடி எங்கடா?"ன்னு கேட்டேன். கதவு மொழுமொழுன்னு இருந்துச்சு.

"கைப்பிடி எதுக்குக்கா? நாம பக்கத்துல போனா அதுவே நீட்டும். இந்தக் காருக்கு நம்மளைத் தெரியும்." தொட்டுக் காட்டினான். சின்னதா ஒரு தகடு வெளிய வந்துச்சு. சுண்டெலி கை தட்டினா. "உள்ள உக்காந்தா வெளிச்சத்தம் ஒரு பொட்டு கேக்காது. ரெட்டைக் கண்ணாடி."

"உனக்கு ஏற்கெனவே யார் சொல்றதும் காதுல விழாது. இதுல இது வேறயா?"

அவன் பொண்டாட்டி சிரிச்சுட்டே புள்ளையோட உள் ரூமுக்குப் போனா. தம்பி டீ வாங்கப் போனான். நான் வேலையை ஆரம்பிச்சேன்.

எந்த வண்டி கைக்கு வந்தாலும் முதல்ல பேட்டரியோட மைனஸ் ஒயரைக் கழட்டிடுவேன். தூக்கத்துல கூட என் கை அதைச் செய்யும். அன்னைக்கும் செஞ்சேன். பானெட்டைத் திறந்து ஒயரைக் கழட்டி, பம்பரோட மேல் ஸ்க்ரூவை எடுத்துட்டு, தேய்க்கற தூசி உள்ள விழக் கூடாதேன்னு பானெட்டை அமுக்கி மூடினேன். பம்பரை உருவினதும் அதுக்குப் பின்னால சிவப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணுன்னு ரெண்டு ஒயர் தொங்குச்சு. எதோடயும் சேராம சும்மா கிடந்துச்சு. டீயோட வந்தவன்கிட்ட, "பாருடா, உன் கார்லயும் வெட்டி ஆபீசருங்க ரெண்டு பேர் இருக்காங்க"ன்னேன். அவனும் சிரிச்சான்.

பம்பரை நிழல்ல போட்டுத் தேய்க்க உக்காந்தேன். அரை மணி நேரம் இருக்கும். தம்பி பொண்டாட்டி எட்டிப் பாத்தா.

"அண்ணி, பாப்பா இங்க இருக்காளா?"

"உன்கிட்டதானேம்மா இருந்தா?"

"போன் பேசிட்டு இருந்தேன். உங்ககிட்ட வந்துட்டான்னு நெனச்சேன்."

முதல்ல யாரும் பதறல. சுண்டெலிதானே, எங்கயாவது ஒளிஞ்சிருப்பா. பெயிண்ட் ரூம்ல பாத்தோம், தின்னர் டின்னுக்குப் பின்னால பாத்தோம், என் வண்டிக்குள்ள பாத்தோம். இல்ல. தம்பி தெருக்கோடி வரைக்கும் ஓடினான். அப்பதான் புதுக் காரோட பின் கதவுக்குக் கீழ ஒத்தைச் செருப்பு கிடந்ததைப் பாத்தேன். என் உள்ளங்கையை விடச் சின்னச் செருப்பு.

கறுப்புக் கண்ணாடியில ரெண்டு கையையும் குவிச்சு மூஞ்சியை ஒட்டிப் பாத்தேன். சீட்டுக்குக் கீழ தரையில உக்காந்திருந்தா. தலைமுடி நெத்தியோட ஒட்டிக்கிடந்துச்சு. வாயைப் பிளந்து அழறா. ஒரு சத்தம் கேக்கல.

"டேய்! வாடா! உள்ள இருக்காடா!"

ஓடி வந்தவன் கதவைத் தொட்டான். தகடு வரல. போனை எடுத்து, காரைத் திறக்கற பட்டனை அமுக்கினான். "கார் தொடர்பில் இல்லை"ன்னு வந்துச்சு. மறுபடி தொட்டான், தடவினான், அறைஞ்சான். மொழுமொழு கதவுல நகம் நுழைய இடமில்ல. ஐயோ, நான் பிடுங்கின ஒயர்! எனக்கு அப்பதான் உறைச்சுது. நான் சாமான் எடுக்கப் பட்டறைக்குள்ள போன நேரத்துல பூந்து கதவைச் சாத்திக்கிட்டிருக்கா. பானெட்டுக்கு ஓடினேன். அதுலயும் சாவித் துவாரம் கிடையாது. அதைத் திறக்கறதுக்கும் கரண்டு வேணும், கரண்டை நான் உள்ள வெச்சுப் பூட்டியிருக்கேன்.

"உள்ளேர்ந்து திறக்க வழி இருக்குமேடா?"

"இருக்குக்கா. முன் கதவுல இழுத்துத் திறக்க ஒரு பிடி இருக்கு. பின் கதவுக்கு எங்கயோ ஒரு கயிறு உண்டாம். புத்தகத்துல போட்டிருக்கும்."

"எங்க புத்தகம்?"

"ஸ்கிரீன்ல."

"ஸ்கிரீன்?"

அவன் கண்ணாடிக்குள்ள அணைஞ்சு கிடந்த ஸ்கிரீனைக் காட்டினான்.

அவன் பொண்டாட்டி கண்ணாடியில வாயை வெச்சு, "முன்னாடி வாடி, முன் கதவுக்கு வாடி"ன்னு கத்தறா. உள்ள இருக்கறவளுக்கு அம்மா வாய் அசையறது மட்டுந்தான் தெரியும். அதைப் பாத்து இன்னும் பயந்து சுருண்டுட்டா. நான் கடப்பாரையை எடுத்து முன் கண்ணாடியில ஓங்கி அடிச்சேன். அது உடையல. வெள்ளை வெள்ளையா விரிஞ்சு அப்படியே நின்னுச்சு. பின் ஜன்னல்ல அடிச்சேன். அதுவும் அப்படித்தான் ஆச்சு. பாவி நான், புள்ள தெரிஞ்சிட்டிருந்த ஒரே ஜன்னலையும் வெளுக்க அடிச்சுட்டேன். இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு கூடத் தெரியல.

"பாப்பா அசையறாளா? அண்ணி, அசையறாளா?"

நான் என்னத்தச் சொல்ல? கார் மேல கை வைக்க முடியல, அப்படிக் கொதிக்குது. இந்தக் கையாலதான் கழட்டினேன், இந்தக் கையாலேயே கொன்னுடப் போறேன். வேற நெனப்பே ஓடல. மறுபடி அடிக்கக் கடப்பாரையைத் தூக்கினேன். தூக்கினப்ப கண்ணு கீழ போச்சு. சிவப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணு தொங்கிட்டு இருந்துச்சு.

ஒரு வேலையும் இல்லாம எவனாவது ஒயர் வைப்பானா? வெளியேர்ந்து கரண்டு குடுத்து பானெட்டைத் திறக்கத்தான் இருக்கும். அறிவு கெட்டவளே!

என் வண்டிக்கு ஓடினேன். குமிழை இழுத்ததும் பானெட்டு திறந்துச்சு. குச்சி குடுத்து நிறுத்தக் கூட நேரமில்ல, தம்பி தலையால முட்டுக் குடுத்தான். ஸ்பானர் ரெண்டு தடவை நழுவி விழுந்துச்சு. பேட்டரியை இடுப்புல தூக்கிட்டு வந்து, சிவப்பைச் சிவப்போட, கறுப்பைக் கறுப்போட வெச்சு அழுத்தினேன்.

டக்.

பானெட்டு ஒரு விரக்கடை எழும்புச்சு. கையை விட்டுத் தூக்கி, கழட்டின ஒயரைப் பழைய இடத்துல சொருகி வெறும் விரலாலயே அமுக்கிப் பிடிச்சேன். விளக்கு எரிஞ்சுது. பாட்டு ஒண்ணு சந்தோஷமா ஆரம்பிச்சுது. நாலு கதவுலயும் தகடு நீட்டுச்சு.

தம்பி கதவைப் பிச்செறியற மாதிரித் திறந்து புள்ளையை வாரினான். துவண்டு கிடந்தா. பட்டறைக்குள்ள கொண்டுபோய் ஃபேனுக்கு அடியில படுக்க வெச்சு, சட்டையைக் கழட்டி, தண்ணியில துணியை நனைச்சு ஒத்தினோம். ஒத்திக்கிட்டே இருந்தோம். கண்ணைத் திறந்தா. அப்பனைப் பாத்தா.

"நான் தொட்டுத் தொட்டுப் பாத்தேம்பா. அதுக்கு என்னைத் தெரியல."

தம்பி தரையில உக்காந்துட்டான்.

டாக்டர்கிட்ட என் ஓட்டை வண்டியிலதான் போனோம். அந்தக் காருல ஏற யாருக்கும் மனசு வரல. பேட்டரியைத் திருப்பி மாட்டி நானே ஓட்டினேன். பக்கத்துல அவன் பொண்டாட்டி, அவ மடியில சுண்டெலி.

"நீங்க இல்லன்னா என் புள்ள இல்ல, அண்ணி. தெய்வம் மாதிரி வந்து காப்பாத்தினீங்க. அந்தப் பாழாப்போன காரை வித்துத் தொலைக்கச் சொல்லணும்."

அவ அப்படியே நம்பிட்டுப் போயிருப்பா. நான் ஒயரைக் கழட்டினப்ப டீ வாங்கப் போயிருந்த தம்பிக்கும் தெரியாது, காரு தானா கெட்டுப் போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தான். நாலு தெரு தாண்டற வரைக்கும் நானும் வாயைத் திறக்கல. எனக்கா வாய் ஓயாதுன்னு பேரு.

"கரண்டைக் கழட்டினது நான்தாம்மா"ன்னேன். "உள்ள யாராவது இருக்காங்களான்னு எட்டிக்கூடப் பாக்காமக் கழட்டினேன்."

அவ என் தோள் மேல வெச்சிருந்த கையை எடுத்துப் புள்ளையைச் சுத்திப் போட்டுக்கிட்டா. பின்னால தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான்.

சுண்டெலி மட்டும் கண்ணாடித் திருகைச் சுத்தினா. இறக்கினா, ஏத்தினா, மறுபடி இறக்கினா. விடுடின்னு நான் சொல்லல. ஆஸ்பத்திரி வாசல் திரும்பறப்ப அது கழண்டு அவ கையோடயே வந்துடுச்சு. மிரண்டு போய் என்னைப் பாத்தா.

"பரவாயில்லடி, வெச்சுக்கோ"ன்னேன்.

உள்ள ஊசி போடறப்பகூட அதை அவ கையிலேர்ந்து வாங்க முடியல.