முப்பது மீட்டர்

"பாப்பா நடக்க ஆரம்பிக்கட்டும். அப்புறம் நீ தாராளமா குளத்துக்குப் போ."

"நெஜமாத்தானே?"

"நானே கொண்டுபோய் விடறேன், போதுமா? தவளையைக் கரையில கட்டிப்போட்டா பாவம் இல்லையா?"

அன்று அவள் சிரித்தாள். நீச்சல் பயிற்சியாளரான அவளுக்குக் கணவன் வைத்த செல்லப்பெயர் தவளை. பாப்பா அப்போது தொட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு டியூஷனுக்கு ஓடுகிறாள். நீச்சலுடை மட்டும் அலமாரியின் அடித்தட்டில், பழைய துண்டுக்குள், ரப்பர் இற்றுப்போய்க் கிடக்கிறது.

போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அதுதான் கஷ்டமே. அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் ஏதாவது ஒரு நல்லதைச் செய்துவிடுவான். பாத்திரம் கழுவ மெஷின் வந்தது. முதுகுவலிக்கு நாற்காலி வந்தது. "நீ எதுக்கு அலையணும், ராணி மாதிரி இரு" என்பான். இவ்வளவு அன்புக்கு நடுவில் எந்த முகத்தோடு குறை சொல்வது?

இன்று கல்யாண நாள். அவளுக்குக் கைக்கடிகாரம் வாங்கக் கடைக்கு வந்திருந்தார்கள்.

உள்ளிருந்து பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும் கதவு. அவர்கள் நுழைந்ததும் பின்னால் தானாகப் பூட்டிக்கொண்டது. ஜன்னல் இல்லாத அறை. கையுறை போட்ட விற்பனையாளர் வெல்வெட் தட்டில் இரண்டு கடிகாரங்களை வைத்தார். ஒன்று தங்கம், மெல்லியது, தோல் பட்டை. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். இன்னொன்று ஸ்டீல், கொஞ்சம் தடிமன். கை அசைய அசைய அதுவே சாவி ஏற்றிக்கொள்ளும்.

கணவன் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தேறியிருந்தான். கழற்றி வைத்தால் எது எவ்வளவு நேரம் ஓடும், எதன் கண்ணாடியில் கீறல் விழாது, எல்லாம் விரல் நுனியில்.

"தங்கம்தான்மா உன் கைக்கு எடுப்பா இருக்கு. சாவி நான் குடுக்கறேன், தினமும் காப்பியோட."

"அந்தக் காப்பிக்கே உங்கள ரெண்டு தடவ எழுப்பணும். இதுல சாவி வேறயா?"

விற்பனையாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ஸ்டீலே எடுத்துக்கலாமே மேடம். ஆனா வீட்டுலயே இருக்கறவங்களுக்கு அசைவு பத்தாம சில நேரம் நின்னுடும். அதுக்கும் வழி இருக்கு."

மேசை மேலிருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே மெத்தென்ற உருளையில் மாட்டிய ஒரு கடிகாரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"யார் கையிலயும் இல்லாமலே ஓடும். வெளிய எடுக்கவே வேண்டாம்."

"பிரமாதமா இருக்கே!" என்றான் கணவன்.

அவள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையைத் திருப்பிக்கொள்ள, தங்கக் கடிகாரத்தை எடுத்துப் புரட்டினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் 'முப்பது மீட்டர்' என்றிருந்தது.

"முப்பது மீட்டர் ஆழம் தாங்குமா?"

"ஐயோ, அது சோதனைக் கணக்கு மேடம். கை கழுவலாம், அதோட சரி. ஸ்டீல்ல நூறு போட்டிருக்கு. பக்கவாட்டுத் திருகை இறுக்கி மூடிட்டா நீச்சலே அடிக்கலாம்."

"இவ எங்க நீந்தப் போறா? பாத்ரூம் பக்கெட்லயா?" கணவன் கலகலவென்று சிரித்தான். "தங்கமே போடுங்க."

குளத்தின் ஓரக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கையை மட்டும் எடுத்துடாதீங்க டீச்சர்" என்று கெஞ்சியவன் இவன்தான். அவன் முதுகுக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, அவன் மிதக்கும்வரை அவள் பொறுமையாக நின்றிருந்தாள். காதல் அங்கேதான் தொடங்கியது.

விற்பனையாளர் தங்கக் கடிகாரத்தை அவள் மணிக்கட்டில் கட்டிக் கொக்கியை மாட்டினார். "இறுக்கமா இருக்கா மேடம்?"

"ஆமா."

ஒரு துளை தளர்த்தினார். "இப்ப?"

"இப்பவும்."

கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். "என்னம்மா, பிடிக்கலையா? வேற கடைக்குப் போலாமா?"

அவள் கடிகாரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

"பாப்பா நடக்க ஆரம்பிச்சுட்டா."

"என்னது?"

"நடந்து, ஓடி, சைக்கிளும் விட ஆரம்பிச்சுட்டா. எனக்கு ஸ்டீல் எடுத்துக் குடுங்க. பெட்டி வேண்டாம்." தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "நான் மறுபடி நீச்சல் சொல்லிக்குடுக்கப் போகணும். திங்கக்கிழமை என்னைக் குளத்துக்குக் கொண்டுபோய் விடறீங்களா?"